பாத்தி நாலில் பெருக்கல் குறி

அத்தியாயம் ஏழு

பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும். ஜம்புவுக்கு ஜோக் வரும். மும்பையில், செம்பூருக்கும் கோவண்டிக்கும் நடுவில், ஹார்பர் லைன் தண்டவாளத்தை ஒட்டிப் படுத்துக் கிடந்த அந்தக் கீரைத் தோட்டத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கால் வைத்தவன், ஐந்தே நிமிடத்தில் ஏழு ஜோக் அடித்துவிட்டான். விசாலாக்ஷி மாமி எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழு என்றால் உதறல் முழங்காலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

“மாமி, இந்தப் பாலக் இவ்வளவு பச்சையா இருக்கே, என்ன தண்ணி பாய்ச்சறான்னு கேக்கலாமா?”

“கேக்காதே. அப்புறம் மெஸ்ல கூட்டு இறங்காது.”

“அந்தப் பக்கம் மதில், இந்தப் பக்கம் ரயில், நடுவுல நாம. சுடறவனுக்கு இதைவிட வசதி பண்ணிக் கொடுக்கணும்னா நாமளே கையைத் தூக்கிண்டு நிக்கணும்.”

“ஒம்போது. வாயை மூடிண்டு காலைப் பார்த்து வை.”

விசாலாக்ஷிக்கு அறுபத்தொரு வயது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து, எரியாத கடைகளையும் திருடு போகாத நகைகளையும் பற்றிய பொய்களைக் கேட்டுப் பழகியவள். ரிட்டயரான பிறகு பொய் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். நாற்பத்தைந்து வயது ஜம்பு, வேலை பார்த்த கூரியர் ஆபீஸ் இழுத்து மூடப்பட்டதும் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். ‘உட்கார்ந்து செய்கிற வேலை’ என்று சொல்லித்தான் அவனைச் சேர்த்திருந்தாள்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்து மதிலுக்கு அப்பால் நிற்கும் ‘கருட சாயா’ அடுக்குமாடிச் சொஸைட்டியின் இரண்டாவது மாடியில், ஜன்னலில் புறாக்களுக்கு அரிசி இறைத்துக்கொண்டிருந்த ஸ்ரீலேகா என்ற பள்ளிக்கூட டீச்சர், கழுத்தில் ஏர்கன் குண்டு பாய்ந்து விழுந்தாள். உயிர் தப்பிவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் ஏர்கன் வைத்திருப்பவன் யார் என்று போலீஸ் விசாரித்ததில் ஒரே பெயர் வந்தது: அஸாருதீன். தாராவியில் தோல் பெல்ட் தைக்கிறவன். கீரை வேரைக் கொறிக்கும் பெருச்சாளிகளைச் சுடுவதற்காகத் தோட்டக்காரர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். ஞாயிறு மத்தியானத்திலிருந்து ஆளைக் காணோம். ஓடினவன்தான் குற்றவாளி என்பது மிகவும் சிக்கனமான விசாரணை முறை. செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் வந்து நிற்காவிட்டால் கொலை முயற்சி வழக்கில் தலைமறைவுக் குற்றவாளி என்று படத்தோடு நோட்டீஸ் ஒட்டப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

அதைச் சொல்லத்தான் அன்று காலை அஸாரின் மனைவி நூர் நிஷா மாட்டுங்கா மாடி ஏறி வந்தாள். அழவில்லை. மேஜைமேல் நூறு பக்க நோட்டு ஒன்றை வைத்தாள்.

“போலீஸ்காரன் இத தலகீழாப் புடிச்சுப் பாத்தாம்மா. ‘க்யா ஹை யே?’ன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாதுல்லா. நீங்க படிச்சுப் பாருங்க. அவுக துப்பாக்கியத் தொடுததுக்கு முன்னால ஒரு மாசம் வெறுங்கையோட அந்த நெலத்துல நடந்தாவ. எங்கன மண்ணு இருக்கு, எங்கன ஆளு வரும், எந்தப் பக்கம் சுடப்படாது, அம்புட்டையும் எழுதி வச்சிருக்காவ. இப்பிடி எழுதுத மனுஷன் மாடியப் பாத்துச் சுடுவாவளா?”

அந்த நோட்டுதான் இப்போது மாமியின் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் தோட்டத்தின் படம். ஆறு பாத்திகள், தண்ணீர்க் குழாய், மதில், அதிலுள்ள இரும்புக் கதவு, தண்டவாளம். வரைந்த கைக்கு ஓவியம் வராது. ஆனால் வளைகளின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது வரை இருந்தது. மாமி வரப்பில் நின்று மெதுவாகப் படித்தாள்.

“‘மொத மாசம் நட. சுடாதே. குண்டுக்குப் பின்னால மண்ணு இருக்கணும். செவரு இருந்தா தெறிக்கும். ஒண்ணுமே இல்லாட்டி அது எங்கன போய் நிக்கும்னு படைச்சவனுக்குத்தான் தெரியும்.’ பார்த்தியோ, எங்க ஆபீஸ் ஆக்சிடென்ட் மேனுவல் நானூறு பக்கம். அதுல இந்த மூணு வரி கிடையாது.”

“மேல படிங்கோ மாமி. சீக்கிரம் படிச்சா சீக்கிரம் போகலாம்.”

“‘ஆறரைக்குக் குழாயடிக்குப் பொம்பளையாளுக வருவாக. அதுக்குப் பொறவு துப்பாக்கி உறைக்குள்ள. ஞாயிறு பகல் பிளாக். லைன் வேலைக்காரங்க நடப்பாங்க. சுடக் கூடாது.’”

“அப்போ ஞாயிற்றுக்கிழமை சுட்டது அவன் இல்லைன்னு நோட்டே சொல்றதே!”

“தனக்குத் தானே எழுதிண்டது சாட்சி ஆகுமா? அதே விஷயம் இன்னொருத்தர் வாயிலேந்து வரணும். அவருக்கே தெரியாம வந்தா இன்னும் நல்லது.” பக்கத்தைத் திருப்பினாள். “‘பொம்மை ரெண்டு. பாத்தி நாலு, பெருக்கல் குறி. மேல மண்ணு, உள்ள வீடு. வரப்போட இடது ஓரம் மட்டும் மிதி.’”

‘வீடு’ யாருடையது என்று ஜம்பு கேட்கவில்லை. நான்காம் பாத்தியின் நடுவே காலடி மண் லேசாகப் பொங்கி, அங்கங்கே தேங்காய் போகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. ஒரு ஓட்டைக்குள்ளிருந்து சாக்கடைத் தண்ணீர் சலசலப்பது கேட்டது. பெருச்சாளிகள் தலைமுறை தலைமுறையாகக் குடைந்து, மேலே தோசை கனத்துக்கு மண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தன. ஜம்பு இடது ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றான்.

நின்றபடியே சோளக்கொல்லைப் பொம்மைகளைப் பார்த்தான். சோளம் இல்லாத கொல்லையிலும் அவற்றுக்கு அதுதான் பெயர். குழாயடியில் ஒன்று, சட்டித் தலை, கிழிந்த ரெயின்கோட். தண்டவாளப் பக்கம் ஒன்று, அதுவும் சட்டித் தலை. அவனுக்கு இரண்டடி பின்னால் ஒன்று, தலையில் சிமென்ட் சாக்கு கவிழ்த்தது. வந்தவுடன் தன் குடையை மாட்டியிருந்தானே, அது இந்த மூன்றாவதன் நீட்டிய கையில்தான்.

மூன்றாவது.

“மாமி, நோட்டுல பொம்மை எத்தனைன்னேள்?”

“ரெண்டு.”

“இங்க ஒண்ணு, ரெண்டு...”

“சத்தமா எண்ணாதே, ஜம்பு,” என்றாள் மாமி, தலையைத் தூக்காமல்.

குடை மாட்டியபோது அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்தது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. மூங்கில் வளைகிறது என்று நினைத்திருந்தான். முதுகுத் தண்டில் எறும்பு ஒன்று மேலேறி, பாதி வழியில் மனம் மாறி, குடும்பத்தோடு திரும்பி வந்தது. ஜோக் வரவில்லை. ஜோக்கே வரவில்லை என்பது அவனை இன்னும் பயமுறுத்தியது.

அந்த நேரத்தில் வாஷி ரயில் வந்தது. பூமி அதிர்ந்தது. பெட்டி பெட்டியாகக் காற்று முகத்தில் அறைந்தது. ஐந்தாவது பெட்டி கடக்கும்போது, குழாயடிப் பொம்மையின் சட்டித் தலை சத்தமே இல்லாமல் பாதியாகச் சிதறியது.

சத்தம் ரயிலோடு போய்விட்டது. ஓடு மட்டும் ஜம்புவின் செருப்பில் வந்து விழுந்தது. அவன் வெந்தயக் கீரைக்குள் முகம் புதைத்துப் படுத்திருந்தான். எப்போது படுத்தான் என்று அவனுக்கே தெரியாது. மாமி நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது சுட்ட திசையை அல்ல, உடைந்த சட்டியை. மதில் பக்கத்துப் பாதி தூளாகியிருந்தது. தண்டவாளப் பக்கத்துப் பாதி குச்சியிலேயே இருந்தது.

மூன்றாவது பொம்மை அசையவில்லை.

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை அரை நிக்கர், வெள்ளை பனியன், நெற்றியில் பளிச்சென்று ஸ்ரீசூர்ணம், தோளில் பாட்மின்டன் மட்டைப் பை. சேற்றில் செருப்பு பட்டுவிடாதபடி அவர் நடந்த விதத்தில், தரைதான் அவருக்கு வழிவிட வேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்தது.

“ஆபத்து ஒண்ணும் இல்லையே? மாடிலேந்து பார்த்தேன். அந்தப் பயல் இங்கதான் எங்கேயோ பதுங்கிண்டிருக்கான்!” என்றபடி ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். படுத்திருந்த ஜம்புவுக்கும் குனிந்து ஒன்று கொடுத்தார்.

திருவேங்கடம். கருட சாயா சொஸைட்டியின் சேர்மன். பன்னிரண்டு வருஷமாக அவரை எதிர்த்து யாரும் ஜெயித்ததில்லை, தேர்தலே நடக்கவில்லை என்பதால். பெயருக்குக் கீழே நாலு வரி பட்டங்கள். மூன்றாவது வரி: ‘தலைவர், புறா ஒழிப்பு இயக்கம்’.

“ஜம்பு, ஃபோன்ல டைம் என்னன்னு பாரு,” என்றாள் மாமி.

அது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. டைம் பார் என்றால் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போடு என்று அர்த்தம். ஜம்பு எழுந்து, மூன்றாவது முயற்சியில் தட்டிவிட்டான்.

“சேர்மன் சார், ஞாயிற்றுக்கிழமை நீங்கதான் முதல்ல பார்த்தேளாமே?”

“நான் எப்பவுமே முதல்ல பார்க்கறவன் மேடம். மொட்டை மாடில ஸோலார் பேனல் செக் பண்ணிண்டிருந்தேன். பன்னெண்டே முக்கால். கீழே இந்தத் தோட்டத்துல அவன் துப்பாக்கியோட. அடுத்த செகண்ட் ஸ்ரீலேகா கத்தினா.”

“பில்டிங்ல யாருக்கும் துப்பாக்கிச் சத்தம் கேக்கலையாமே? மத்தியான நேரம், எல்லாரும் ஆத்துலதானே இருந்திருப்பா?”

“எப்படிக் கேக்கும்? அதுல இருக்கு சூட்சுமம்.” சேர்மன் ஒரு விரலைத் தூக்கினார், ஜெனரல் பாடி மீட்டிங்கில் தூக்கும் அதே விரல். “வாஷி ட்ரெயின் தடதடன்னு போறச்சே சுட்டிருக்கான். பில்டிங்கே அதிர்ந்தது. பெரிய கில்லாடி. போலீசுக்கே இந்த பாயின்ட் தோணலை.”

“ட்ரெயினைக் கண்ணால பார்த்தேளா?”

“பன்னெண்டு பெட்டி. எண்ணினேன்.”

“நீங்க லோக்கல்ல போறதுண்டோ?”

சேர்மன் சிரித்தார். “மேடம், லோக்கல்ல நான் கால் வெச்சுப் பதினோரு வருஷம் ஆறது. டிரைவர் இருக்கான்.”

“அதான் கேட்டேன்.”

நான்காம் பாத்தியின் வரப்பில், இடது ஓரமாக, மாமி நோட்டோடு நடந்துபோய் எதிர்முனையில் நின்றாள். ஜம்புவும் சர்க்கஸ் கயிற்றில் நடப்பவன்போலப் பின்னால் போனான். தனியாக நிற்பதைவிட விழுவது மேல் என்று அவனுக்குத் தோன்றியது. பாத்திக்கு இந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர். அந்தப் பக்கம் சேர்மன். சேர்மனுக்குப் பின்னால், குடை மாட்டிய பொம்மை.

“டிரைவர் இல்லாத ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பார்ப்பா, சார். எந்த லைன்ல மெகா பிளாக்குன்னு. தண்டவாளம் ரிப்பேர் பண்ண ட்ரெயினை நிறுத்திடுவா. போன ஞாயிறு ஹார்பர் லைன். குர்லாலேந்து வாஷி வரைக்கும், பதினொண்ணு பத்துலேந்து நாலு பத்து வரைக்கும், ரெண்டு பக்கமும் ஒரு பெட்டி நகரலை. நீங்க பன்னெண்டு எண்ணியிருக்கேள்.”

தூக்கிய விரல் தூக்கியபடியே இருந்தது. அதை இறக்குவதற்கு யாராவது தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் போலிருந்தது.

“இன்னிக்குக் காலைல, ஞாயிற்றுக்கிழமை லைன் வேலை பார்த்த நாலு கேங்மேனைப் பிடிச்சுப் பேசினேன். ‘டப்’புனு ஒரு சத்தம் கேட்டுதாம். தோட்டத்துலேந்து இல்லே. மேலேந்து. உங்க மொட்டை மாடிலேந்து. எங்களைப் பயமுறுத்த இப்போ சட்டியை உடைச்சதும் அங்கேந்துதான், மதில் பக்கத்துப் பாதிதான் தூளாயிருக்கு.”

“புறா...” என்றார் சேர்மன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “நான் புறாவைத்தான் சுட்டேன். அரிசி போடாதேன்னு அவளுக்கு மூணு நோட்டீஸ் அனுப்பியிருக்கேன், லெட்டர்ஹெட்ல. அவ ஜன்னல் கம்பியில உக்காந்திருந்தது. திடீர்னு தலையை நீட்டினா. என் தப்பா அது? பன்னெண்டு வருஷ சர்வீஸ் மேடம்! எனக்கு ஒரு பேர் இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?”

“பெண்டாட்டி இருக்கா,” என்றாள் மாமி.

மட்டைப் பையின் ஜிப் திறந்தது. எவ்வளவு நீளமான மட்டை என்று முதலில் பார்த்தபோதே ஜம்பு யோசித்திருக்க வேண்டும். கறுப்புக் குழல் வெளியே வந்து, நேராக அவன் தொப்புளைப் பார்த்தது. ஏர்கன்தானே, பெருச்சாளியைச் சுடுவதுதானே என்று அறிவு சொன்னது. ஸ்ரீலேகாவின் கழுத்து என்று வயிறு சொன்னது. ஜம்பு வயிற்றை நம்பினான். ஐம்பது மீட்டர் தள்ளி மும்பையே ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே ஒரு மனிதரும் இல்லை.

“அந்த நோட்டு, இவன் சட்டைப் பையில போட்டானே அந்த ஃபோன், ரெண்டையும் இப்படிக் கொடுங்கோ. நானும் போயிடறேன், நீங்களும் போயிடுங்கோ. அந்தப் பயல் சுட்டான்னு நீங்களே போலீஸ்ல சொல்லிடுங்கோ.”

“வந்து வாங்கிக்கோங்கோ,” என்றாள் மாமி. நோட்டை நீட்டினாள்.

“மாமி, கொடுத்துடலாம் மாமி...”

“பேசாதே. அவரே வருவார். வரப்பைச் சுத்திண்டு வர வேண்டாம் சார், சேறு. நேரா வாங்கோ.”

ஒரு சேர்மன் சுற்றிக்கொண்டு வந்ததாக கருட சாயாவின் சரித்திரத்தில் இல்லை. நேராகத்தான் வந்தார். முதல் அடி தாங்கியது. இரண்டாவது அடியில் மண் பெருமூச்சு விட்டது. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. இடுப்பு வரை உள்ளே போனார். துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒரு முறை வெடித்துவிட்டுக் கீரையில் விழுந்தது. ஐந்தாறு பெருச்சாளிகள், பூனை சைஸில், வீட்டுக் கூரை வழியாக விருந்தாளி வந்த அதிர்ச்சியில் நாலா பக்கமும் பாய்ந்தன. ஒன்று ஜம்புவின் கால்மேல் ஏறிப் போனது. அவன் கத்தினான், சேர்மன் அதைவிட உரக்கக் கத்தினார். எழுந்திருக்க ஊன்றிய இரண்டு கைகளும் முழங்கை வரை உள்ளே போயின.

அப்போதுதான் மூன்றாவது பொம்மை நடந்தது.

பொம்மை வரப்பின் இடது ஓரமாக வந்தது. கையில் இன்னும் குடை ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து துப்பாக்கியை எடுத்து, குழலை மடித்து, உள்ளே காலி என்று பார்த்து, மடித்தபடியே கீழே வைத்தது. பிறகு சாக்கைக் கழற்றியது. உள்ளே வெந்துபோன முகம், வெடித்த உதடு, இரண்டு நாள் தாடி.

“அஸாருதீனாப்பா?” என்றாள் மாமி.

“ஆமாம்மா. ஞாயித்துக்கெழம வெறுங்கையோட வளைய எண்ணிட்டு நின்னேன். இவரு மேல இருந்து சுட்டதையும் பாத்தேன், அந்தம்மா விழுந்ததையும் பாத்தேன். இவரு என்னையப் பாத்துட்டாரு. எம் பேச்ச எவன் நம்புவான்? வீட்டுல போலீசு, பட்டறைல போலீசு. இங்கயும் வந்தாவ. என்னையத் தாண்டித்தான் போனாவ. பொம்மைய எவன் பாக்கான்? ஆளு வந்தா நிப்பேன், போனா குழாயடில போயித் தண்ணி குடிப்பேன்.” குடையைக் கழற்றி ஜம்புவிடம் நீட்டினான். “ஒங்களுதுதானே அண்ணே. இத மாட்டுனப்பதான் செத்தேன்னு நெனச்சேன். அடுத்தாப்புல பக்கத்துச் சட்டி வெடிக்கி.”

“நானும் அப்பவே செத்துட்டேன்,” என்றான் ஜம்பு. “ரெண்டு பேரும் மேல வந்து பேசிண்டிருக்கோம்னு நெனச்சேன்.”

“பத்து,” என்றாள் மாமி. ஆனால் அவள் நோட்டை மார்போடு அணைத்திருந்த விதத்தைப் பார்த்தபோதுதான், அவளுக்கும் முழங்கால் உண்டு என்பது ஜம்புவுக்குத் தெரிந்தது.

மணி நாலேகால். மாமி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்த ரெக்கார்டிங்கைப் பற்றிச் சொல்லி, வரும்போது கயிறு கொண்டுவரச் சொன்னாள். மான்குர்த் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து, சிக்னல் விழாமல், தோட்டத்துக்கு நேராக நின்றது. பன்னிரண்டு பெட்டி. கதவுகளில் தொங்கிய அத்தனை பேரும், பாலக்கீரையிலிருந்து முளைத்த வெள்ளை பனியன்காரரைப் பார்த்தார்கள். அத்தனை ஃபோன்களும் உயர்ந்தன. “க்யா லகாயா அங்கிள்?” என்று, அவர் என்ன நட்டிருக்கிறார் என ஒருவன் கத்திக் கேட்டான். பதினோரு வருஷம் கழித்து சேர்மன் லோக்கல் ஜனங்களைச் சந்தித்தார். முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றால் கைகள் இரண்டும் மண்ணுக்குள் இருந்தன.

அஸார் அதைப் பார்க்கவில்லை. ஜம்புவின் ஃபோனை வாங்கி, தாராவி நம்பரை அழுத்தி, காதில் வைத்துக் காத்திருந்தான். எடுத்தவுடன் நூர் நிஷா போட்ட கூச்சல் ரயில் ஹாரனைத் தாண்டிக் கேட்டது.

“ரெண்டு நாளா எங்கன போய்த் தொலஞ்சிய?”

அஸார் சாக்கைப் பார்த்தான். வெடித்த உதடு கோணியது, அழுகைக்கா சிரிப்புக்கா என்று தெரியாமல்.

“எங்கயும் போவலட்டி,” என்றான். “நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.”